நாற்பத்தேழில் முடியும் எண்

கருங்கல் ஜங்ஷனில்
போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன்.
ஊரின் கடவுச்சொற்களில் பாதி
என் காதுக்குள் கிடக்கிறது.

"நீங்களே போட்டிருங்க மேடம்" என்று
வரிசை முழுக்கக் கேட்கச் சொல்வார்கள்.
மகன் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்.
வள்ளத்தின் பேரும் பதிவெண்ணும்,
வள்ளத்திலேயே பெயின்டில் எழுதியிருப்பது.
ஒரு வாத்தியார் ரப்பர் விலையை வைத்திருந்தார்.
விலை விழுந்த பிறகும் மாற்றவில்லை.

பாவசங்கீர்த்தனக் கூண்டில்
கேட்டதையெல்லாம் சாமியார் எங்கே வைப்பார் என்று
சின்னதில் யோசித்ததுண்டு.
வைக்கமாட்டார்.
கடையடைக்கும் நேரம்
காகிதத் துண்டுகளோடு பெருக்கித் தள்ளுவதுதான்.
எல்லாம் போய்விடுவதில்லை.

புதன்கிழமை, மழை.
விபிஷா குடையை மடக்காமலே உள்ளே வந்தாள்.
"குவைத்து ஆஸ்பத்திரிக்கு
நான் வரல்லன்னு நானே எழுதினேனாம்.
பாத்துச் சொல்லுங்க."

அனுப்பியவற்றில் இருந்தது.
இரவு பதினொன்று பத்து.
நல்ல ஆங்கிலம், நான்கு வரி,
அடியில் அவள் பெயர்.
"அந்நேரம் எனக்கு நைட் டியூட்டி" என்றாள்,
என்னிடம் அல்ல, திரையிடம்.

இந்தக் கணக்கு திறந்திருக்கும் இடங்கள் என்று
ஒரு பக்கம் உண்டு.
யாரும் அங்கே போவதில்லை.
போனோம்.
என் கடைக் கணினி ஒன்று.
மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு போன்,
நாலு நிமிடத்துக்கு முன்.

போனின் மாடலை இரண்டு தடவை வாசித்தாள்.
"இதுக்குச் சீட்டுப் பைசா குடுத்தது நானாக்கும்."

மீட்பு எண்: நட்சத்திரங்கள், கடைசியில் நாற்பத்தேழு.
"அதும் அவருக்க நம்பர்தான்.
அக்கவுண்டு தொறந்து தந்ததே அவரு."

மாகீன் கடையில் புது சிம் வாங்கி,
அது உயிர்வரச் சாயங்காலம் ஆயிற்று.
அதுவரை அந்த ஸ்டூலில் இருந்தாள்.
குடையோடு ஒரு பெரிய பையும் இருந்ததை
அப்போதுதான் கண்டேன்.

"இதை அமுக்கினா எல்லாப் போனிலயும் வெளியேத்தும்.
அங்க தெரிஞ்சிரும்."
"எப்பம்?"
"ஒடனே."
குளச்சல் பஸ் ஒன்று சேறடித்துப் போனது.
"நீங்க அமுக்குங்க" என்றாள்.
நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
அவளே அமுக்கினாள்.

புதிய சொல் கேட்டது கட்டம்.
பழக்கத்தில் வாயைத் திறந்தாள்.
"சொல்லாத பிள்ளே."
எழுந்து ரோட்டைப் பார்த்து நின்றேன்.
மரச்சீனி ஏற்றிய டெம்போ.
தொடுவெட்டிக்கு ஒரு பஸ், ஆளில்லாமல்.
பின்னால் தட்டல்கள்.
ஒன்பதுக்குப் பிறகு நீண்ட நிறுத்தம்
(என்ன நினைத்தாளோ),
பிறகு ஏழு.
திரும்ப ஒருதரம் அதே பதினாறு,
இந்த முறை நிற்காமல்.

பதினாறு என்பது மட்டும் எனக்குத் தெரியும்.
அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

"மறந்துபோனா?"
"எழுதி வை. அவரு கை படாத எடத்துல."
வீடு முழுவதையும் மனதில் சுற்றிவந்து
அன்றைக்கு முதல்முறை சிரித்தாள்.
"மீன்சட்டிக்கு அடியில வைக்கலாம்.
ஆனா நான் அம்மைக்க வீட்டுக்கல்லவா போறேன்."

மிச்சம் பத்து ரூபாய் வாங்காமல் பஸ் ஏறினாள்.

ஏழரைக்குக் கடை போன் அடித்தது.
நாற்பத்தேழில் முடியும் எண்.
"விபிஷா அங்க வந்தாளா?"
சத்தம் மரியாதையாகத்தான் இருந்தது.
"ஆதார் நகலா? ரெண்டு ரூவா" என்றேன்.
"இல்ல, விபிஷா..."
"கலர்னா பத்து."
வைத்துவிட்டான்.

கை கொஞ்சம் நடுங்கிற்று.
அவள் இருந்த கணினியில்
வந்துபோன தடங்களை அழித்தேன்.
பிறகு என் மெயிலைத் திறந்தேன்.
பதினோரு வருடமாய் ஒரே சொல்.
அதை இந்த ஊரில் மூன்று பேருக்குத் தெரியும்,
ஒருவரோடு இப்போது பேச்சில்லை.

கடையில் யாருமில்லை.
ஆனாலும் எழுந்துபோய்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.